ஏட்டில் இல்லையாம்!

"பதிவேடுகளைப் பரிசீலித்ததில், தாங்கள் கோரும் பதக்கங்கள் குறித்து எவ்விதப் பதிவும் காணப்படவில்லை."

கடிதம் இவ்வளவுதான். ஆங்கிலத்தில் இரண்டு வரி, அடியில் எவரென்று தெரியாத ஒருவரின் கையொப்பம். ஐம்பதாண்டுக்கு முன் எல்லையில் உயிரைப் பணயம் வைத்தவருக்கு நாட்டின் ஓர் அலுவலகம் அளித்த மறுமொழி இது!

அன்னூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியனாக இருக்கிறேன். பள்ளி மணி அடித்தபின் மனு எழுதித் தருவதும் எங்கள் ஊரில் ஆசிரியர் வேலையில் சேர்ந்ததுதான். முதியோர் உதவித்தொகைக்கு மனு, பட்டா மாறுதலுக்கு மனு, கிணற்றுக்கு மின் இணைப்பு வேண்டி மனு! அப்படித்தான் அந்தப் பெரியவரும் ஒரு மாலை வந்தார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். மஞ்சள் பையிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், மடித்து மடித்து மக்கிப்போன காகிதங்களையும் எடுத்து வைத்தார். 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தவர். டாங்கிகள் முன்னேற வேண்டுமானால் அவற்றுக்கு முன்னே மனிதன் போகவேண்டும். வயிற்றால் ஊர்ந்து, குத்தூசியால் மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, வெள்ளை நாடா கட்டிப் பாதை காட்டவேண்டும். அந்தப் பாதையிலே இடக்கையின் இரண்டு விரல்களை விட்டுவிட்டு வந்தவர் அவர்.

அந்தப் போரில் மேற்கு முனையில் பணியாற்றியோர்க்கென 'பஸ்சிமி ஸ்டார்' உண்டு. கிழக்கு முனையினர்க்குப் 'பூர்வி ஸ்டார்'. போரில் காயமுற்றோர்க்குத் தனிப் பதக்கம் உண்டு. இவை எவரும் பரிந்து பேசிப் பெறும் பரிசுகள் அல்ல. அங்கே இருந்தான் என்றால், அடிபட்டான் என்றால் உரிமையாக வரவேண்டியவை. இவருடைய பதிவுத்தாளிலோ இரண்டுமே இல்லை. போதாக்குறைக்கு, 'உன் பெயரை மேலே எழுதி அனுப்பியிருக்கிறேன்' என்று மருத்துவமனைக் கட்டிலருகே நின்று சொன்ன அதிகாரியின் பரிந்துரை என்ன ஆயிற்று என்பதும் தெரியாது. சொன்னவர் இன்று உயிரோடு இல்லை.

வேடிக்கையைக் கேளுங்கள் தோழர்களே! அதே மஞ்சள் பையில் மருத்துவக் குழுவின் தாளொன்றும் இருக்கிறது. விரல்கள் போனது போர்முனையில் என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஒரு தாள் காயத்தை ஒப்புக்கொள்கிறது; மற்றொரு தாள் போரையே மறுக்கிறது! இரண்டும் ஒரே சர்க்காரின் தாள்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க மட்டும் ஆள் இல்லை.

கடிதத்தை நான் தமிழில் சொல்லி முடித்ததும் பெரியவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏனுங் வாத்தியார் தம்பி, அப்போ நான் சண்டைக்கே போகலீன்னு எழுதிப்போட்டாங்களா?" என்று கேட்டார்.

பதக்கத்தால் பென்ஷன் கூடுமா, அரிசி வருமா என்று கேட்கும் அறிவாளர்கள் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலும் உண்டு. கூடாது. நட்சத்திரப் பதக்கத்துக்கு மாதப்பணம் ஏதும் இல்லை. வீரத்துக்கென வழங்கும் விருதுகளுக்குத்தான் படித்தொகை. அப்படியிருக்க ஏன் இந்த அலைச்சல் என்கிறார்கள். கேட்பவர்கள் ஒருமுறை செங்கம் வட்டாரத்து எடுத்தனூருக்குப் போய் வரட்டும். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று அங்கே கண்டெடுக்கப்பட்டது. பட்டு வீழ்ந்த வீரன் கருந்தேவக்கத்தியின் பெயர் அதில் இருக்கிறது. அவனோடு நின்று கள்ளர் இருவரைக் கடித்த நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன்! ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், உளியும் கல்லும் தவிர வேறு கருவியற்ற காலத்தில், ஒரு நாயின் கடமையைக் கூட விடாமல் எழுதி வைத்தவர்கள் இந்த மண்ணின் மக்கள். நம் கொங்கு நாட்டிலே காட்டோரத்தில், வயல் வரப்பில், புலிகுத்திக் கற்கள் எத்தனை! புலியோடு பொருதவனைக் கல்லிலே நிறுத்தியவர்கள், அதனால் அவன் வீட்டுக்கு எத்தனை படி நெல் வரும் என்று கணக்கா பார்த்தார்கள்?

கல்லில் எழுதியவர்களுக்குப் பின் காகிதத்தில் எழுதுபவர்கள் வந்தார்கள். காகிதம் தவறாது என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. அந்த நம்பிக்கையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

குடகு நாட்டு விமானி தேவய்யாவின் கதையைப் பாருங்கள். 1965 செப்டம்பர் 7ஆம் நாள். பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தைத் தாக்கச் சென்ற நம் விமானங்களில் தேவய்யாவின் மிஸ்டேர் திரும்பி வரவில்லை. 'காணவில்லை' என்று எழுதினார்கள்; ஏட்டை மூடினார்கள். பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1979இல் ஜான் ஃபிரிக்கர் என்ற ஆங்கில எழுத்தாளர், பாகிஸ்தான் தரப்புச் செய்திகளைக் கொண்டு நூலொன்று எழுதினார். அடிபட்ட நிலையிலும் அந்த மிஸ்டேர் திரும்பிப் பாய்ந்து, தன்னைவிட மிகுந்த விரைவுள்ள ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை வீழ்த்திவிட்டே வீழ்ந்தது என்ற உண்மை அதிலிருந்து வெளிப்பட்டது. மகா வீர் சக்கரம் 1988இல் வழங்கப்பட்டது; இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, துணைவியார் கையில். நம் வீரனின் வீரத்தை நம் ஏடு சொல்லவில்லை; பகைவனின் ஏடு சொல்லிற்று! ஃபிரிக்கர் எழுதாதிருந்தால் இன்றும் 'பதிவு ஏதும் காணப்படவில்லை' என்றே பதில் வந்திருக்கும்.

அது வானத்தில், சாட்சியற்ற இடத்தில் நிகழ்ந்தது என்று சமாதானம் சொல்வோர் கார்கில் போருக்கு வரட்டும். 1999இல் பட்டாலிக் முனையில் படையணியை நடத்தியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். அவருடைய பணியை மேலதிகாரியின் அறிக்கை மங்கலாக்கிக் காட்டியது. வழக்குத் தொடுத்தார். போருக்குப் பின் எழுதப்பட்ட அறிக்கையில் ஒருதலைச் சார்பு இருந்தது என்று இராணுவத் தீர்ப்பாயம் 2010இல் கண்டது, திருத்தவும் சொல்லிற்று. பிரிகேடியர் பதவியிலுள்ளவருக்கே ஏட்டைத் திருத்தப் பதினோர் ஆண்டும் ஒரு வழக்கும் தேவைப்பட்டன என்றால், மஞ்சள் பையோடு பேருந்தில் ஏறும் சாதாரணச் சிப்பாய்க்கு எத்தனை ஆண்டு?

எழுதுகோலைப் பிடித்தவன் நினைத்தால்தான் வீரம் என்ற நிலை இன்று பிறந்ததல்ல. வெள்ளையன் காலத்தில் தளபதி ராபர்ட்ஸ் போன்றோர் 'போர்க்குடிகள்' என்றொரு பட்டியல் போட்டனர். வடமேற்கிலே பிறந்தவன் வீரனாம். தென்னாட்டான் எதற்கும் உதவாதவனாம்! பிறப்பை வைத்து மனிதனை அளக்கும் மனுவின் முழக்கோல் சிவப்புச் சட்டை போட்டு வந்தது, அவ்வளவுதான். சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. முதல் உலகப் போர் முடிந்தபின் போர்வீரனுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்த அதே ஆட்சி, மூட்டை சுமந்த இந்தியத் தொழிலாளர் படைக்கு வெண்கலத்தில் வார்த்துக் கொடுத்தது. குண்டுக்கு மட்டும் அந்த வேற்றுமை தெரிந்திருக்கவில்லை!

அந்தப் பழிச்சொல்லுக்கு விடை சொன்னவர் செங்கற்பட்டு மாவட்டத்துச் சுபேதார் சுப்பிரமணியன். மதராஸ் சாப்பர் படை. 1944 பிப்ரவரியில், இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, வெடிக்கப்போகும் கண்ணியின்மேல் தாமே விழுந்து தோழர்களைக் காத்தார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவரே. பார்த்தவர்கள் பிழைத்திருந்தார்கள்; எழுதியவர் எழுதினார்; ஆகவே நமக்குத் தெரிகிறது. பார்த்தவர்களும் மாண்ட இடத்தில், எழுதவேண்டியவர் எழுத மறந்த இடத்தில், எத்தனை சுப்பிரமணியன்கள் புதைந்து கிடக்கிறார்களோ!

'சாட்சி கொண்டு வா, சான்று கொண்டு வா' என்கிறார்கள் பெரியவரிடம். சாட்சி யார்? உடன் ஊர்ந்தவர்களில் பலர் மறைந்துவிட்டனர். சான்று எங்கே? படைப்பிரிவின் போர்க்குறிப்பேடு, காயமுற்றோர் பட்டியல், சம்பளப் பேரேடு எல்லாம் சர்க்காரின் பெட்டகத்தில். 1971 போரைப் பற்றிய கிழக்குப் படைத்தலைமையகத்து ஆவணங்கள் பல காணாமற்போயின என்று 2010இல் நாளிதழ்கள் எழுதின. பெட்டகத்தைக் காக்கவேண்டியவர்கள் காகிதத்தைத் தொலைக்கலாம். பெட்டகத்தின் வாசலைக்கூடப் பார்க்காதவர் காகிதம் கொண்டுவர வேண்டுமாம்!

அமெரிக்காவிலும் ஏடுகள் அழிந்தன. 1973 ஜூலையில் செயின்ட் லூயி நகரத்து ஆவணக்காப்பகத்தில் மூண்ட தீ, 160 இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகளைத் தின்றது. 'ஏடு எரிந்தது, வீடு போய்ச் சேர்' என்று அவர்கள் கைவிரிக்கவில்லை. சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு என்று வேறு தாள்களைத் தேடி, கேட்டு வந்தவர்களின் கோப்புகளைக் கட்டியெழுப்பினர். படைப்பதிவுகளைத் திருத்தவென்றே அங்கு வாரியங்கள் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியவை. அந்த நாட்டைத் தலையில் தூக்கி ஆடச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் கறுப்பு வீரர் ஒருவருக்குக்கூட உயர்விருதான மெடல் ஆஃப் ஆனர் தராத நாடு அது. ஆனால் நிறவெறி ஏட்டிலும் புகுந்திருக்கலாம் என்று பின்னர் அரசே ஐயுற்றது. அரசே ஆய்வு நடத்தியது. 1997இல் எழுவருக்கு அவ்விருதை அளித்தது. மேடைக்கு நடந்து வந்து வாங்க உயிரோடிருந்தவர் ஒருவர்தான், வெர்னான் பேக்கர். மற்ற அறுவரின் விருதை உறவினர் முதலானோர் பெற்றுக்கொண்டனர். காலம் கடந்த நீதி என்றால் என்ன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. போர்க்குறிப்பேடுகளைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவில் சேர்த்து, பொதுவாக 25 ஆண்டுகளில் அவற்றை வெளியிட வழிசெய்யும் கொள்கையை 2021 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது. மகிழ்ச்சி! வரலாறு எழுதப் புரட்டப்படும் அதே குறிப்பேட்டைப் பெரியவரின் பதிவுத்தாளோடு ஒப்பிட எத்தனை நிமிடம் ஆகும்? 1971இல் இருபது வயது இளைஞன் இன்று எழுபதைக் கடந்த கிழவன். ஆகவே இந்த வேலையை மனுவுக்காகக் காத்திராமல் அலுவலகமே தொடங்கவேண்டும். சிப்பாயின் சொல் பொய் என்று நாட்டும் பொறுப்பு ஏட்டை வைத்திருப்பவனுடையதாக இருக்கட்டும். மெய் என்று நாட்டும் பாரத்தை விரலிழந்தவர் தோளில் ஏற்றவேண்டாம். விடையையும் அவர் படிக்கும் மொழியில் எழுதுங்கள். கிழக்கு, மேற்கு என்று சொன்னால் விளங்கும் பதக்கத்துக்குப் 'பூர்வி', 'பஸ்சிமி' என்று பெயர் வைத்தீர்கள். அதையாவது தமிழில் விளக்கி எழுதினால் குடியா முழுகிவிடும்?

அடுத்த மனுவை எழுதிவிட்டேன். மருத்துவக் குழுவின் தாளை அதன் மேலேயே இணைத்திருக்கிறேன், கண்ணில் படாமல் தப்ப முடியாதபடி. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்திட வருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.