வெட்டுன சேஸும் ஒட்டாத சட்டமும்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரல. ஊருக்குப் போனப்ப கொட்டகையில நிக்கிற வண்டியப் பாத்ததும் எழுதணும்னு தோணுச்சு. கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் புலம்பல். இரும்பு, வெல்டிங்னா அலர்ஜி உள்ளவங்க இப்பவே அடுத்த பதிவுக்கு ஓடிருங்க.

எங்க ஊரு ஆமத்தூரு. விருதுநகர்ல இருந்து சிவகாசி போற வழி. கரிசக்காடு, சீமைக்கருவேலம், ஊரைச் சுத்திப் பட்டாசு ஆலை. எங்கப்பா ஏலத்துல எடுத்த ஜீப் ஒண்ணு வீட்டுக்குப் பின்னால புளியமரத்தடியில கெடந்துச்சு. 1966 மாடல், மஹிந்திரா சிஜே 3பி. பானெட் ஒசரமா, பாக்குறதுக்குக் கழுத்து நீண்ட மாடு மாதிரி இருக்கும். 2019ல அதை ஹாட் ராடு ஆக்குறேன்னு கெளம்புனேன். ஆமாங்க, கார்ப்பரேட் கம்பெனிக்காரனுக்கு வர்ற வழக்கமான வியாதிதான்.

ஹாட் ராடுன்னா என்னான்னு தெரியாதவங்களுக்கு நாலு வரி. அமெரிக்காவுல, கலிபோர்னியா பக்கம், 1930கள்ல பசங்க ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ காரையெல்லாம் சல்லிசா வாங்கி, மட்கார்டைக் கழட்டி எறிஞ்சுட்டு, காஞ்ச ஏரிப் படுகையில வெரட்டுவாங்க. 1932ல ஃபோர்டு கம்பெனி சாதாரண விலை காருக்கே வி8 இன்ஜின் வச்சதும் கூத்து பெருசாச்சு. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு, பட்டாளத்துல மெக்கானிக் வேலை கத்துக்கிட்டு வந்தவனெல்லாம் இதுல எறங்குனான். 1948ல இதுக்குன்னே பத்திரிகை வந்துருச்சு.

நம்ம ஊருல இதெல்லாம் இல்லையான்னா, வேற பேர்ல இருந்துச்சு. சென்னைக்கு வடக்க சோழவரத்துல, போர்க்காலத்து விமான ஓடுதளத்துல ரேஸ் நடக்கும். அங்க ஓடுனதுல பாதி நம்மாளுங்க ஃபியட், ஹெரால்டு சாமான்களை வச்சுக் கட்டுன வண்டிங்க. கோயமுத்தூர் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வச்சு ஒத்தை சீட்டு ரேஸ் காரே செஞ்சு விட்டாரு. 1995ல விமான விபத்துல போய்ட்டாரு மனுசன். செட்டிபாளையத்துல 2003ல திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு. ஆக, பட்டறையில கார் செய்யிறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல.

மேட்டருக்கு வர்றேன். எனக்கு வேலை செஞ்சு குடுத்தது சிவகாசி ரோட்டுல லேத்து பட்டறை வச்சிருக்குற ஒரு அண்ணாச்சி. பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. முப்பது வருஷமா அவர் செய்யிறது அச்சாபீஸ் மெஷின் வேலை. சிவகாசியில ஓடுற பழைய ஆப்செட் மெஷினுக்குப் பல்லு ஒடைஞ்சா கம்பெனியில சாமான் கெடைக்காது. அண்ணாச்சிதான் பல்சக்கரத்தை வெட்டிக் குடுப்பாரு. அச்சுல நூலளவு தள்ளுனா நாலு கலரும் நாலு பக்கம் நிக்கும். அந்தத் துல்லியத்துல பழகுன கைக்கு ஜீப் ஷாப்ட்டெல்லாம் ஜுஜுபி.

ஜீப்போட வீல்பேஸ் 80 இஞ்ச்தான். நான் போட நெனச்சது அம்பாசடர்ல வந்த இசுசு 1800 பெட்ரோல் இன்ஜினும் அதோட அஞ்சு கியர் பெட்டியும். இதுல ரெண்டு சிக்கல். ஒண்ணு, பெட்டி நீளம், அதனால பின்னால ஷாப்ட்டுக்கு எடமே இல்ல. கட்டை ஷாப்ட் போட்டா கோணம் ஏறி கிராஸ் கட்டை தின்னு போயிரும். இன்னொண்ணு, ஜீப்புல டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து ஷாப்ட் ஒரு ஓரமா வரும், அதுக்கேத்த மாதிரி பின் ஆக்சிலோட உருண்டையும் வலது பக்கம் ஒதுங்கி இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸைத் தூக்கிட்டா ஷாப்ட் நடுவுல வருது, உருண்டை ஓரத்துல நிக்குது! இதைப் படத்துல பாக்குறப்ப எவனும் சொல்லித் தரல மக்களே.

கடைசியில சேஸை 20 இஞ்ச் நீட்டி, அம்பாசடர் ஹவுசிங்கையே பின்னால மாட்டுறதுன்னு முடிவாச்சு. அண்ணாச்சி வெட்டுன விதத்தைச் சொல்லியே ஆகணும். நேரா அறுத்து ஒட்டல. அப்படி ஒட்டுனா பாரம் பூரா ஒரே கோட்டுல உக்காந்து, அங்கயே விரிசல் விடும். சாய்வா வெட்டி, உள்ளார பட்டை குடுத்து, வெளிய வைர வடிவத்துல தகடு வச்சு மூடுனாரு. சி வடிவ சேனலோட தொறந்த பக்கத்தையும் தகடு போட்டு அடைச்சுப் பெட்டியாக்குனாரு. ஒரே மூச்சுல இழுக்காம இங்க ரெண்டு இஞ்ச், எதிர்ப்பக்கம் ரெண்டு இஞ்ச். சூட்டுல சேஸ் முறுக்கிக்கும்ல. ராடை வெயில்ல காய வச்சுத்தான் எடுப்பாரு. அளவு பாக்குறதுக்கு கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் இல்ல. நாலு மூலையில இருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில சாக்பீஸ் புள்ளி வச்சு, குறுக்குக்கோடு ரெண்டும் சமமான்னு நூல் புடிச்சுப் பாத்தாரு. ரெண்டு மில்லி வித்தியாசத்துக்கு ஒரு நாள் வேலையைத் திருப்பிச் செஞ்சாரு. நான் "பரவால்லண்ணாச்சி"ன்னேன். "ஒனக்குப் பரவால்ல தம்பி, எனக்குப் பரவும்"னாரு.

கிரைண்டர் போடுறப்ப ஒரு விஷயம் கவனிச்சேன். சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு பட்டாசு ஆலை ஆளுங்க ரோட்டுல வருவாங்க. பொறி பறக்குறதப் பாத்ததும் ரோட்டோட அந்தப் பக்கம் ஒதுங்கிருவாங்க. ஷெட்டுக்குள்ள இரும்பு சாமான் கூடாது, ஒரு அறையில நாலு பேருக்கு மேல கூடாதுன்னு விதியோடயே வாழ்றவங்க. அந்த விதியை மீறுன எடத்துலதான் வருஷா வருஷம் உசுரு போகுது. அதனால "சட்டமாவது மண்ணாவது"ன்னு வீராப்பு பேசுற ஆள் நான் இல்ல. இதை ஏன் சொல்றேன்னா, அடுத்து வர்றது என் சொந்தக் கோட்டித்தனம்.

பிராப்ளர் ஷாப்ட்டுக்கு மட்டும் அண்ணாச்சி ஒரு வாரம் டயம் கேட்டாரு. எனக்கு லீவு முடியப் போகுது. வேற ஊர்ல ஒரு பட்டறையில குடுத்து ஒரே நாள்ல நீளம் கூட்டி வாங்கிட்டேன். கொண்டு வந்து காட்டுனா, அண்ணாச்சி மூஞ்சே சரியில்ல. மாட்டித்தான் ஆகணும்னு நான் அடம் புடிச்சேன். சரின்னு சொல்லிட்டு, எதுவும் பேசாம அரை இஞ்ச் கனத்துல ஒரு இரும்பு வளையம் வளைச்சு, ஷாப்ட்டோட முன்பக்கத்தைச் சுத்தி சேஸ்ல போல்ட் போட்டாரு.

ஷாப்ட்டோட ரெண்டு முனையில இருக்குற கவட்டையும் ஒரே நேர்கோட்டுல நிக்கணும். கிராஸ் கட்டை கோணத்துல சுத்துறப்ப ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் கொறையும். ஒரு முனையில வர்ற ஏத்த எறக்கத்த மறுமுனை சரிக்கட்டும், கவட்டை நேரா இருந்தா. எங்களோடது ஒரு பல்லு தள்ளி நின்னுச்சு. எங்க காட்டுப் பாதையில அறுபதுல போறப்ப அதிர ஆரம்பிச்சு, மூணாவது ஓட்டத்துல முன் கிராஸ் ஒடைஞ்சு ஷாப்ட் கீழ விழுந்துச்சு. வளையம் தாங்குச்சு. வளையம் இல்லாட்டி முன்முனை மண்ணுல குத்தி, கம்பூணித் தாண்டுறவன் மாதிரி வண்டி என்னைத் தூக்கிப் போட்டிருக்கும். பக்கத்து சீட்டுல எங்கப்பா இருந்தாரு. எறங்கி, வேட்டியைத் தட்டிட்டு, வீட்டுக்கு நடந்தே போய்ட்டாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

ஷாப்ட்டை அப்புறம் அண்ணாச்சி புதுசா செஞ்சாரு. இன்னைக்கு வரைக்கும் கோயில் மணி மாதிரி இருக்கு. ஆனா வண்டி ரோட்டுல ஏறாது. 2019 ஜனவரியிலயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு, கம்பெனி குடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. தெரிஞ்சேதான் செஞ்சேன், தோட்டத்துல ஓட்டிக்கலாம்னு. 2021ல இன்னொரு விதி வந்துச்சு. ஐம்பது வருஷத்துக்கு மேல பழைய வண்டிக்கு 'விஏ'ன்னு தனி நம்பர், புதுப் பதிவுக்கு இருபதாயிரம் ரூவா. நிபந்தனை, சேஸ், பாடி, இன்ஜின்ல கை வச்சிருக்கக்கூடாது. ரெண்டு வருஷம் சும்மா இருந்திருந்தா எங்கப்பா ஜீப்புக்கு அந்த மரியாதை கெடைச்சிருக்கும்.

அதனால என் கருத்து ரெண்டு பக்கமும் அடி வாங்குற கருத்துதான். முழுசா இருக்குற பழைய வண்டிய வெட்டாதீங்க. நான் செஞ்சது தப்பு, அதுல எனக்கு சமாளிப்பு இல்ல. ஆனா பாதி துருப்புடிச்சு காயலாங்கடைக்குப் போறத ஒருத்தன் ஒழுங்கா கட்டுனா, அதைச் சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்றதுக்கு ஒரு வழி வேணும். இங்கிலாந்துல தனி ஆள் கட்டுன வண்டிய ஒத்தையா சோதிச்சு அனுமதி குடுக்குறான். ஜெர்மனியில மாத்துன ஒவ்வொண்ணையும் இன்ஜினியர் பாத்து சீட்டுல ஏத்துறான். நம்ம கரூர்ல பட்டறைக்காரங்க பஸ் பாடி கட்டுறாங்க, அதுக்கு விதிமுறை எழுத முடிஞ்சுச்சுல்ல? இங்க ஒத்தை வண்டி கட்டுறவனையும், லட்சக்கணக்குல காரு விக்கிற கம்பெனி மாதிரி மாடல் அனுமதி வாங்கிட்டு வான்னா அவன் எங்க போவான்?

சோதனைன்னு ஒண்ணு இருந்திருந்தா, ஒரே நாள்ல செஞ்ச அந்த ஷாப்ட் முதல் நாளே மாட்டியிருக்கும். அண்ணாச்சியோட வெல்டிங் பாஸாயிருக்கும். இப்ப சட்டத்தோட கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இதுதான் என் வயித்தெரிச்சல்.

போன வாரம் அண்ணாச்சி போன் பண்ணாரு. சாத்தூர் பக்கம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கெடக்காம், அதுக்கு சேஸ் தனியா கழண்டு வரும், "பாக்க வர்றியா தம்பி?"ன்னாரு. சேஸ் முழுசா இருக்கான்னு முதல்ல பாத்துச் சொல்லுங்கன்னேன். "முழுசா இருந்தா?"ன்னாரு. "இருந்தா வெட்ட வேண்டாம்ணாச்சி, பழைய மாதிரியே ஓட வைப்போம்"னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அதுல எனக்கு என்ன வேலை இருக்கு?"ன்னு கேட்டாரு.