ஜெமிங்காவின் நாடி

புதியது கண்டாரைப் போற்றுதல் உலகியல்பு. அதற்கு வேண்டிய குறிப்புக்களை முன்னரே தொகுத்துப் பேணினாரை நினைப்பவர் சிலரே. இது முறையன்று என்பது எமது கருத்து. மிதுன இராசியிலுள்ள ஜெமிங்கா என்னும் விண்மீனின் வரலாறே அதற்குத் தக்க சான்றாகும்.

1972-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கர் ஏவிய ஸாஸ்-2 என்னும் செயற்கைக்கோள், மிதுனத்தினின்றும் காமாக் கதிர்கள் வருதலைக் கண்டது. ஆண்டு யாது உளதென்பது எவர்க்கும் புலப்படவில்லை. பிஞாமி முதலிய இத்தாலிய அறிஞர் அதனை ஜெமிங்கா என்றனர். மிதுனத்துக் காமா என்பது வெளிப்படைப் பொருள்; மிலான் நகரத்தார் பேச்சு வழக்கிலோ அவ்வொலி 'அங்கே இல்லை' என்று பொருள்படும். தமிழ் பயிலும் எமக்கு இச்சிலேடை பேருவகை தருகின்றது.

காமாக் கதிர்த் துகள்கள் மிகச் சிலவாகவே வருவன. அவற்றைக் கொண்டு துடிப்பின் அளவை உய்த்துணர்தல் அரிது. 59 வினாடிக்கு ஒருமுறை துடிக்கின்றதெனச் சிலர் கூறினர், அக்கூற்று நிலைபெறவில்லை. எக்ஸ் கதிரே வழி திறந்தது. 1992-இல் ஹால்பெர்ன், ஹோல்ட் என்னும் இருவர் ரோஸாட் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர்ப் பதிவுகளை ஆய்ந்து, அது 0.237 வினாடிக்கொருமுறை துடித்தலை அளந்தனர். துணைமீன் இன்றித் தனித்துச் சுழலும் நியூட்ரான் விண்மீனே அஃதென்பது தெளிவாயிற்று.

அவ்வளவு தெரிந்தவுடன் அறிஞர் பழைய காமாக் குறிப்புக்களை எடுத்தனர். ஸாஸ்-2, 1975 முதல் 1982 வரை உழைத்து ஓய்ந்த காஸ்-பி ஆகிய இரண்டின் பதிவுகளிலும் ஒவ்வொரு துகளும் வந்த நேரம் குறிக்கப்பட்டிருந்தது. அந்நேரங்களை, சுழற்சி மெல்லத் தளர்தலையும் கணக்கிட்டு, புதிய அளவின்படி அடுக்கியபோது, அதே துடிப்பு அங்கும் வெளிப்பட்டது! இருபதாண்டுகளாக அஃது அவ்வெண்களுள்ளேயே கிடந்தது. படித்தற்குத் திறவுகோல்தான் இல்லை.

பயன் முடிந்த பதிவுகளுக்குப் பொருள் செலவிடுதல் வீணென்பாரும், சுருக்கக் கணக்கே போதுமென்பாரும் உளர். நாளொன்றுக்கு இத்தனை துகள் என்னும் கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு, நேரக்குறிப்புக்களை அந்நாளிலேயே அழித்திருப்பின், 1992-இல் எடுத்துப் பார்க்க என்ன இருந்திருக்கும்? 2015-இல் நம் நாட்டினர் ஏவிய அஸ்ட்ரோஸாட்டும் துடிமீன்களின் எக்ஸ் கதிர்களைப் பதிந்துள்ளது. மாக்னெட்டார் எனப்படும் பெருங்காந்த மீன்களோ எப்பொழுது சீறுமென்று முன்னறிய இயலாதவை. ஒருமுறை தவறவிட்ட சீற்றத்தை மீண்டும் நோக்குதல் எவர்க்கும் கூடாது. ஆதலின் இத்தகைய பதிவுகள் அனைத்தும் வந்தது வந்தபடியே, நேரக்குறிப்போடு, பிற்காலத்து மாணவரும் எடுத்துப் பார்க்குமாறு பேணப்படுதல் வேண்டும் என்கின்றோம்.