முடி போனால் முளைக்கும், உயிர் போனால்?

தைப்பூசக் காலத்தில் தாராபுரம் சாலையில் நின்று பார்த்தால் தெரியும். காவடி தூக்கிக்கொண்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பழனிக்கு நடந்து போவார்கள். அங்கிருந்து பழனி சுமார் 35 கிலோ மீட்டர்தான். போகும்போது தலை நிறைய முடி. திரும்பும்போது மொட்டை!

ஆணும் பெண்ணும் மனதார முடியைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். யாரும் வருந்துவது இல்லை. யாரும் கேலி செய்வதும் இல்லை.

ஆனால், கல்யாணப் பேச்சு வந்துவிட்டால் கதையே வேறு. மாப்பிள்ளைக்கு நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தால் போதும். "வயசு கூட இருக்குமுங்களோ?" என்கிறார்கள். பெண்ணின் மேல் உதட்டில் பூனைமுடி தெரிந்தால், "பொண்ணுக்கு மீசை இருக்குதுங்களே!" என்று காதைக் கடிக்கிறார்கள்.

இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் வாலிபர்களும் பெண்களும் விளம்பரங்களைத் தேடி ஓடுகிறார்கள். அந்த ஓட்டம் சில சமயம் விபரீதத்தில் முடிகிறது.

சென்னையில் நடந்த சோகம்

2016-ம் ஆண்டு மே மாதம். அவர் 22 வயது வாலிபர். மருத்துவக் கல்லூரி மாணவர். டாக்டர் ஆகப் போகிறவர்! சென்னையில் ஓர் இடத்தில், தலையில் முடி நடும் ஆபரேஷன் செய்துகொண்டார். உடல்நிலை மோசமாகியது. வேலூருக்குக் கொண்டு போனார்கள். பலன் இல்லை. இறந்துபோனார்.

ஆபரேஷன் நடந்த இடத்துக்கு அழகு நிலையம் நடத்தத்தான் அனுமதி இருந்தது என்று அப்போது செய்தி வெளிவந்தது. வைத்தியம் படித்த பிள்ளைக்கே இந்தக் கதி. மற்றவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

நாற்று நடுவது போல

முடி நடுவது என்றால் என்ன? அமராவதிப் பாசனத்து விவசாயிக்கு எளிதில் புரியும். நாற்றைப் பறித்து வயலில் நடுவது போல, பின்னந்தலையில் உள்ள முடியை வேரோடு எடுத்து வழுக்கையில் நடுகிறார்கள். பல மணி நேரம் பிடிக்கும் வேலை. தலை மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த மருந்து அளவு மீறினால் இருதயத்தையே பாதிக்கும்.

ஆகவே இது முடி வெட்டுவது போன்ற காரியம் அல்ல. ஆபரேஷன்! இதற்கென்று பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும். ஆபத்து வந்தால் காப்பாற்றும் வசதியும் வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் நெறிமுறை வெளியிட்டது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சி ஆகாது என்றும் சொல்லிவிட்டது.

தைலங்கள் என்ன செய்யும்?

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது சகஜம். பயப்பட வேண்டியது இல்லை. கடுமையான காய்ச்சல், பிரசவம் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் அதுவும் தானாகவே திரும்ப முளைத்துவிடும். இடையில் தைலம் தேய்த்தவர், தைலத்தால் வளர்ந்தது என்று நம்பிவிடுகிறார்!

ரத்த சோகை, தைராய்டு கோளாறு இவற்றாலும் முடி கொட்டும். அதற்கு ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். பரம்பரை வழுக்கையோ வேறு வகை. டாக்டர் கொடுக்கும் மருந்து அதை ஓரளவு தடுக்கும். மருந்தை நிறுத்தினால் பழைய கதைதான். வழுக்கையைக் குணப்படுத்தும் என்று மருந்துகள் சொல்லிக்கொள்ளக்கூடாது என்பது சட்ட விதி. அப்படி இருந்தும் விளம்பரங்கள் ஓயவில்லை!

பெண்களின் ரகசியக் கவலை

பெண்களுக்கு முகத்தில் முடி வளர்ந்தால் அது அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறதா? சினைப்பையில் நீர்க்கட்டிக் கோளாறு இருக்கலாம். சிகிச்சை உண்டு. கவனிக்காமல் விட்டால் பின்னால் குழந்தைப் பேறுக்குத் தடையாகலாம். சர்க்கரை வியாதியும் வரலாம்.

அந்தப் பெண்ணை அழகு நிலையத்துக்கு மட்டும் அனுப்பினால் என்ன ஆகும்? கோரையை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்டது போலத்தான்.

லேசர் சிகிச்சையிலும் கவனம் வேண்டும். லேசர் ஒளி முடியின் கருமையைத் தேடிப் போய் வேரைச் சுடுகிறது. நம் தோலிலும் கருமை இருக்கிறது. கருவியோ அளவோ தவறினால் தோல் வெந்து தழும்பாகிவிடும்.

அமெரிக்காவில் 1920-களில் எக்ஸ்-ரே கதிர் பாய்ச்சி முகத்து முடியை நீக்கினார்கள். வலி இல்லையே என்று பெண்கள் போனார்கள். பல வருஷம் கழித்துப் பலருக்குத் தோலில் புற்றுநோய் வந்தது! புதிய கருவி என்றதும் மயங்கக்கூடாது என்பதற்கு அதுவே பாடம்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

சிகிச்சையே வேண்டாம் என்பது அல்ல. முறையாகச் செய்துகொண்டால் தவறு ஒன்றும் இல்லை. முதலில் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. வேறு இடத்துக்குப் போனால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். செய்யப்போகிறவர் யார்? அவர் என்ன படித்திருக்கிறார்? ஆபத்து வந்தால் என்ன வசதி இருக்கிறது? பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிட வேண்டும்.

முக்கியமான மருந்து ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. அதற்குச் செலவு இல்லை. பெரியவர்கள் வாயை அடக்குவதுதான் அது! பெண் பார்க்கப் போகும்போது தலையையும் உதட்டையும் அளப்பதை விட்டுவிட்டு, குணத்தையும் உழைப்பையும் பார்க்கட்டும்.

பழனியில் மொட்டை போட்டுத் திரும்பும் பிள்ளையை, "அழகா இருக்கே சாமி!" என்று கொஞ்சுகிறோம். வழுக்கை விழுந்த பிள்ளையும் அதே பிள்ளைதானே!