வியாபாரம் இல்லீங்க!

பி.காம். படித்தவனுக்குக் கோயம்புத்தூரில் ஒரு தொல்லை உண்டு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர், சோற்றில் ரசத்துக்குக் குழி தோண்டிக்கொண்டே, "ஏனுங் தம்பி, இந்த ஜி.எஸ்.டி...." என்று ஆரம்பிப்பார். பாயசம் வரும்வரை விடமாட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது போட்ட திட்டம் என்ன? மாதம் மூன்று படிவம், வருடக் கணக்குக்கு ஒன்று. ஆக மொத்தம் 37! எல்லாம் கம்ப்யூட்டரில். கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் இரும்பைக் கடைவாரா, இன்டர்நெட்டைக் கடைவாரா?

நவம்பரிலேயே குவாஹாத்தியில் கூடி, மூன்றில் இரண்டை ஓரங்கட்டினார்கள். தற்காலிகம் என்று வந்த '3பி' மட்டும் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டது.

அப்புறம் புதுப் படிவங்கள் தயாராயின. 2019 டிசம்பர் 7 அன்று நாடு முழுக்க வியாபாரிகளையும் கணக்கு பார்ப்பவர்களையும் அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். நல்ல காரியம். இரண்டரை வருடம் முன்னால் கேட்டிருந்தால் இன்னும் நல்ல காரியம். கிரகப்பிரவேசத்தன்று வீட்டம்மாவிடம், "சமையல்கட்டு எந்தப் பக்கம் இருக்கணும்?" என்று கேட்பார்களா? அந்தப் படிவங்கள் கடைசிவரை வரவேயில்லை. 2020-ல், பழசையே கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பனிடலாம் என்று முடிவானது.

ஆனால், உருப்படியாக ஒன்று நடந்தது. வியாபாரமே இல்லாத மாதத்திலும் 'இல்லீங்க' என்று சொல்ல லாகின், பாஸ்வேர்ட் எல்லாம் வேண்டியிருந்தது. மறந்தால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். 2020 ஜூன் 8 முதல் 14409 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போதும் என்றார்கள். பட்டறைகள் கொரோனாவில் படுத்துக் கிடந்த நேரம். பட்டன் போனிலேயே காரியம் முடிந்தது!

இங்கிலாந்து அரசு 2012-ல் தன் இணைய சேவைகளுக்கு வகுத்த முதல் விதியே இதுதான்: பயன்படுத்துகிறவரின் தேவையிலிருந்து தொடங்கு, அரசாங்கத்தின் தேவையிலிருந்து அல்ல.

சரவணம்பட்டி ஏ.சி. அறைகளில் ஸ்கிரீன் வடிவமைக்கும் தம்பிகளே! அதே சத்தி ரோட்டில்தான் கணபதியும் இருக்கிறது. முதல் ஸ்கிரீன் போட்டதுமே ஒரு லேத்காரரிடம் காட்டுங்கள். சொல்லிக் கொடுக்காதீர்கள், சும்மா பாருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கேதான் உங்கள் வேலை பாக்கி. டீ அவரே வாங்கித் தருவார்.

பி.கு.: அதே குவாஹாத்தி கூட்டத்தில் வரி 28 சதவிகிதத்திலிருந்து 12-க்கு இறங்கிய பட்டியலில் அடுத்தடுத்து இருந்தவை: நம்ம ஊர் வெட் கிரைண்டர், ராணுவ டாங்க். இரண்டும் கனம்தான், ஒத்துக்கொள்கிறேன்!