படுக்கைப் பை பொதுவில், உள்ளுறை சொந்தத்தில்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, வண்டலூர் முதலிய ஊர்களில் வாழும் நம் அங்கத்தினர்களின் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய செலவு தலைகாட்டி வருகிறது. கல்லூரியில் பயிலும் மகனும், மெப்ஸ் வளாகத்திலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ பணிபுரியும் மகளும், நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் முதுகுப் பையைச் சுமந்துகொண்டு மலையேறப் புறப்பட்டு விடுகின்றனர். ஏலகிரி, ஏற்காடு, ஜவ்வாது மலை என்று தொடங்கி, இமயம் வரை செல்வோரும் உண்டு. வனத்துறையும் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டத்தின் மூலம் 14 மாவட்டங்களில் 40 மலைவழிகளை முறைப்படி திறந்து வைத்தது. உடலுக்கும் உள்ளத்துக்கும் உரமூட்டும் இப்பழக்கம் வரவேற்கத்தக்கதே.

ஆயின், மலையில் இரவு தங்க நேரும்போது 'ஸ்லீப்பிங் பேக்' எனப்படும் படுக்கைப் பை தேவைப்படுகிறது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்து, சுமையாலோ குளிராலோ அல்லற்பட்டு, பின்னர் அதைப் பரண்மேல் போட்டுவிடுவதே பெரும்பாலும் நடைபெறுகிறது. இப்பொருளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, ஒவ்வொருவரும் அதைச் சொந்தமாக வாங்கத்தான் வேண்டுமா என்னும் இரண்டு கேள்விகளையும் நம் அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டும்.

முதலில் அறிய வேண்டுவது, போகும் இடத்தின் குளிர். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஜனவரி விடியற்காலையில் தாம்பரத்தில் 20 டிகிரி என்று கொள்வோம். 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் அது 11 டிகிரி அளவில் இருக்கலாம். 2,100 மீட்டருக்கு மேலுள்ள கொடைக்கானலில் 7 அல்லது 8. 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையிலோ சில இரவுகளில் உறைபனியே படிகிறது. இமயத்தில் 3,500 மீட்டருக்கு மேல் குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் நிலைக்கு மிகவும் கீழே போய்விடும். ஏற்காட்டுக்கு ஏற்ற போர்வை இமயத்தில் உயிருக்கே ஆபத்து. இமயத்துக்கு ஏற்றது ஏற்காட்டில் வியர்வைக் குளியல். எல்லா மலைக்கும் ஒரே பை என்பது வீண் எண்ணம்.

அடுத்தது, பையின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படித்தல். ஐரோப்பாவில் தோன்றி, 2016-இல் ஐ.எஸ்.ஓ. 23537 என உலகத் தரமாக அமைந்த விதியின்படி, நல்ல பைகளில் முக்கியமாக மூன்று எண்கள் காணப்படும். முதலாவது, ஒரு பெண் உடலைத் தளர்த்தி நிம்மதியாக உறங்கக்கூடிய குளிர்நிலை. இரண்டாவது, ஓர் ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை. மூன்றாவது, உயிர் தப்பலாம் என்பதற்கு மேல் எதற்கும் உறுதி கூறாத அபாய எல்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நிற்பது பெரும்பாலும் பின்னிரண்டில் ஒன்றாகவே இருக்கும். வாங்குவோர் முதல் எண்ணையே நம்ப வேண்டும். மகளுக்கு வாங்குவோர் இதில் இன்னும் கருத்தாயிருக்க வேண்டும்.

மூன்றாவது, சுமை. முதுகுச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது மலையேறுவோரின் பழைய விதி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. அதற்குள் உணவும் நீரும் உடையும் அடங்க வேண்டும். வீட்டுப் பஞ்சு மெத்தைப் போர்வை மூன்று கிலோவுக்கு மேலும் இருக்கும். மலிவான பாலியெஸ்டர் பை ஒன்றரை முதல் இரண்டு கிலோ. அதே கதகதப்பை வாத்தின் மார்பு மெல்லிறகு ஒரு கிலோவுக்குள் தந்துவிடும். விலையோ பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். மெல்லிறகு நனைந்தால் கட்டிபட்டுத் தன் பயனை இழக்கும். பாலியெஸ்டர் நனைந்தும் ஓரளவு தாங்கும். எனவே மழை மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பாலியெஸ்டரும், வறண்ட கடுங்குளிருக்கு மெல்லிறகும் ஏற்றவை.

போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம் பஞ்சு உதவாதா என்று நம் விவசாய அங்கத்தினர்கள் கேட்கக் கூடும். இலவ இழை உள்ளே குழலாய்க் காற்றடைந்தது, மெழுகுப் பூச்சுடையது, நீரில் மிதப்பது. உயிர்காப்புச் சட்டைகளிலும் அது முற்காலத்தில் அடைக்கப்பட்டது. ஆயினும் அதன் இழை குறுகியது, எளிதில் முறிவது. இறுக்கிச் சுருட்டி விரித்தால் திரண்டு போகும். தீயும் விரைவில் பற்றும். வீட்டு மெத்தைக்கு இலவம் இணையற்றது. முதுகுப் பைக்கு அது ஏற்றதன்று. நம் பொருள் என்பதற்காகப் பொருந்தாத இடத்தில் அதைப் புகழ்வது அப்பொருளுக்கே கேடாகும்.

நிற்க. படுத்தவர் உடலின் கீழ் அழுந்தும் திணிப்பு குளிரைத் தடுப்பதில்லை. காற்றடைந்து உப்பியிருக்கும் திணிப்பே தடுக்கும். இவ்வுண்மையைக் கொண்டு, அடிப்பாகத்தை நீக்கி, மேலே மட்டும் போர்த்தும் 'குவில்ட்' என்னும் திணிப்புப் போர்வையை இலகு சுமை விரும்புவோர் கையாளுகின்றனர். கீழே நல்ல நுரை விரிப்பு ஒன்று இன்றியமையாதது. நம் மலைகளுக்கு அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ வரையுள்ள இத்தகைய போர்வையும் விரிப்புமே போதும் என்பது நம் துணிபு.

இனி நம் தறிக்கு வருவோம். பையையோ போர்வையையோ அடிக்கடி துவைத்தால் திணிப்பு கெடும். ஆகவே உடலுக்கும் அதற்கும் இடையே மெல்லிய துணியாலான உள்ளுறை ஒன்றைப் பயன்படுத்துவர். அது அழுக்கைத் தாங்கும். சிறிது கதகதப்பும் கூட்டும். 90 சென்டிமீட்டர் அகலத்தில் நாலரை மீட்டர் துணியை மடித்து, இரு பக்கமும் தைத்தால் உள்ளுறை ஆயிற்று. ஒரு புடவைக்குக் குறைந்த துணி! மெல்லிய பட்டில் 150 கிராமுக்குள்ளும், மல் போன்ற மெல்லிய பருத்தியில் 250 கிராம் அளவிலும் இது அடங்கும். ஜரிகையும் கனத்த பாவும் வேண்டா. நெருக்கமும் மென்மையும் உள்ள சாதா நெசவே வேண்டும். காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் இது அரிய காரியமன்று. 1935 முதல் கைத்தறித் துணியை விற்றுவரும் கோ-ஆப்டெக்ஸின் அலமாரிகளில் இதற்கும் ஓர் இடம் கிடைக்க வேண்டும்.

இது தறிக்குப் புதிய தொழிலும் அன்று. வேல்ஸ் நாட்டு நியூடவுன் என்னும் கம்பளி நெசவூரின் வணிகர் பிரைஸ் ஜோன்ஸ், கம்பளிப் போர்வையோடு காற்றுத் தலையணையையும் இணைத்த சுருட்டுப் படுக்கைக்கு 1876-இல் காப்புரிமை பெற்றார். ரஷ்யப் படைக்கும் அவை ஆயிரக்கணக்கில் சென்றன. கூட்டுறவின் தந்தை எனப் போற்றப்படும் ராபர்ட் ஓவன் 1771-இல் பிறந்ததும் அதே நியூடவுனில்தான். படுக்கைப் பையும் கூட்டுறவும் ஓரூர்ப் பிள்ளைகள் என்றால் மிகையாகாது.

அவ்வுறவையே நாமும் புதுப்பிக்கலாம். ஆண்டில் நான்கைந்து இரவு மட்டும் பயன்படும் பொருளுக்கு வீடுதோறும் பல்லாயிரம் முடக்குவது சிக்கனமன்று. சங்கம் பத்துத் திணிப்புப் போர்வைகளையும், கடுங்குளிருக்கு இரண்டு மூன்று மெல்லிறகுப் பைகளையும், நுரை விரிப்புகளையும் வாங்கி, சிறு வாடகைக்கு அங்கத்தினர் குடும்பங்களுக்கு அளிக்கட்டும். உள்ளுறையை மட்டும் அவரவர் சொந்தமாக, நம் நெசவாளரிடமே வாங்கட்டும். பிறர் படுத்த பை என்னும் கூச்சம் இதனால் நீங்கும். பையும் நீடித்து உழைக்கும். திரும்பி வந்ததும் நிழலில் உலர்த்தி, சுருட்டாமல், தளர்ந்த பருத்திப் பையில் தொங்கவிடுவதை மட்டும் விதியாக்க வேண்டும். நம் பகுதியின் கடற்காற்று ஈரம் பூஞ்சைக்கு உகந்தது.

பராமரிப்பார் யார், தொலைந்தால் பொறுப்பார் யார் என்று சிலர் தயங்கலாம். முன்பணமும் ஒரு பதிவேடும் அதற்கு விடை. மலைக்குப் போகாத அங்கத்தினருக்கு இதனால் என்ன பயன் என்போருக்கு 2015 டிசம்பரை நினைவூட்டுகிறோம். அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் பல தெருக்களும் நீரில் மூழ்கிய அந்நாளில், உடுத்த துணியோடு வெளியேறியவர்களுக்கு உலர்ந்த போர்வையைப் போன்ற உதவி வேறொன்றில்லை. மேல்மாடியில் உலர்ந்து தொங்கும் பத்துப் போர்வைகள் அத்தகைய இரவில் பத்துப் பேரைக் காக்கும்.

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நெசவாளர் பகுதியினர் முன்வர வேண்டுகிறோம். முதலில் இருபது உள்ளுறைகளை நெய்து பார்க்க ஒரு தறி போதும்.