பத்து ஓநாய்த் தோலும் ஐந்து நடையும்

மே மாத விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேரன் ஒருநாள் மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து செல்போனை முறைத்துக்கொண்டிருந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

"என்ன கண்ணு?" என்றேன்.

"முப்பது ஓநாயக் கொன்னுட்டேன் தாத்தா. நாலு தோல்தான் கிடைச்சுது. பத்து குடுத்தாத்தான் கிழவன் அடுத்த ஊருக்கு வழி சொல்லுவான்" என்றான். குரல் கம்மியிருந்தது. உள்ளேயிருந்து அவன் பாட்டி, "இல்லாத ஓநாய்க்கு இருக்கற சோறு ஆறுது" என்றாள்.

செல்போனில் ஆட்டம் என்றாலே பணம் கட்டிச் சூதாடுவதுதான் என்று நம் வயதுக்காரர்களில் பலர் நினைக்கிறோம். அது வேறு. அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2022-லும் மத்தியில் 2025-லும் சட்டம் வந்துவிட்டது. இவன் ஆடியது மாயாஜாலக் கதை ஆட்டம். நாம் ஒரு வீரனாக அந்த உலகத்துக்குள் நடக்கிறோம். உலகத்தின் பல ஊர்களிலிருந்து மற்றவர்களும் அதே நேரத்தில் அங்கே நடக்கிறார்கள். வழியில் கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கும் பொம்மை மனிதர்கள் நிற்பார்கள். அவர்கள் ஒரு வேலை சொல்வார்கள், நாம் முடித்துக் கொடுத்தால் பரிசு. அந்த வேலைக்கு 'குவெஸ்ட்' என்று பெயராம். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

சரி, ஓநாயைக் கொன்றால் தோல் ஏன் வரவில்லை? ஒவ்வொரு ஓநாய்க்கும் உள்ளே ஒரு பகடை உருள்கிறது என்று பேரன் விளக்கினான். எனக்கு உடனே தாயக்கட்டை ஞாபகம் வந்தது. தாயம் விழாமல் காய் இறங்காது என்பது நமக்குத் தெரியும். இரண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நாலு முகம். சேர்ந்து விழும் வகை பதினாறு, அதில் ஒன்று வருவது இரண்டே வகை. ஆக, எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டுத் தடவை உருட்டினால் ஒரு தாயம் கட்டாயம் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் நூறு பேர் எட்டெட்டுத் தடவை உருட்டினால், சுமார் 34 பேருக்கு ஒரு தாயம்கூட விழாது. கட்டைக்கு ஞாபகம் கிடையாது. போன எட்டு உருட்டலை அது நம் கணக்கில் வரவு வைப்பதில்லை. ஓநாயும் அப்படித்தான்.

இதைச் சொன்னதும் பேரனுக்குக் கோபம் பாதி இறங்கியது. "அப்ப என் தப்பு இல்லியா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் குத்தியது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

சாயங்காலம் அவன் எனக்கு ரூன்ஸ்கேப் என்ற இன்னொரு ஆட்டத்தைக் காட்டினான். இங்கிலாந்தில் கோவர் சகோதரர்கள் ஆரம்பித்து 2001-இல் வெளிவந்தது. இன்றும் ஆடுகிறார்கள். அதில் புதிதாக வருபவர்கள் செய்யும் சிறிய வேலை ஒன்று எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. லம்பிரிட்ஜ் கோட்டைச் சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். பிரபுவுக்குப் பிறந்தநாள், கேக் செய்ய முட்டை, பால், மாவு மூன்றும் இல்லை. நாம் கொண்டுவந்து தர வேண்டும். வாளியோடு போய்ப் பசுவைக் கறக்க வேண்டும். வயலில் கோதுமை பறித்து, காற்றாலையின் மேல்மாடிக்கு ஏறிக் கொட்டி, விசையை இழுத்து, கீழே இறங்கி வந்து பானையில் மாவைப் பிடிக்க வேண்டும். நம் ஊர் மாவு மில்லில் டின்னோடு வரிசையில் நின்றவனுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டுமா! அன்று பேரனுக்கு முன்னால் முடித்தேன்.

அதே ஆட்டத்தில் 'ஒரே ஒரு சின்ன உதவி' என்ற பொருளில் பெயர் வைத்த வேலை ஒன்று உண்டு. காட்டோரக் கிராமத்து வியாபாரி ஒருவர், மரவெட்டியிடம் சிவப்பு மகோகனிக் கட்டை வாங்கி வரச் சொல்கிறார். மரவெட்டி, என் கோடரி மழுங்கிவிட்டது, துறைமுக ஊரில் கொடுத்துத் தீட்டி வா என்கிறார். தீட்டுபவர் ஒரு சூனியக்காரியிடம் அனுப்புகிறார். அவள் இன்னொருவரிடம். எல்லோரும் சொல்வது அதே வசனம்தான், ஒரே ஒரு சின்ன உதவி. இப்படிப் பதினைந்து பேருக்கு மேல் பார்த்து முடித்து, பிறகு வந்த வழியே திரும்பி ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். கிடைக்கும் பரிசுகளில் ஒன்று, சாவி மாட்டும் எஃகு வளையம்!

ஆட்டக்காரர்களைக் கிண்டல் செய்யவே இதை எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நம் பாட்டிமார்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். பெயர் மறந்த ஈயின் கதை ஞாபகம் இருக்கிறதா? ஈ கன்றைக் கேட்கும், அது தன் தாயைக் கேள் என்னும், பசு மேய்ப்பவனைக் காட்டும், அவன் கையிலிருக்கும் கோலைக் காட்டுவான், கோல் மரத்தைக் காட்டும். கடைசியில் குதிரை கனைக்கும்போதுதான் ஈக்குத் தன் பெயர் கிடைக்கும். குழந்தைகள் அந்தக் கதையை மறுபடி மறுபடி கேட்பார்கள். அலைச்சல் அவர்களுக்கு அலுப்பதே இல்லை, கடைசியில் குதிரை இருக்கிறது என்று தெரியுமே.

நான் சொல்ல வருவது இதுதான். உழைப்பு யாரையும் உடைப்பதில்லை. எப்போது முடியும் என்று தெரியாத உழைப்புதான் உடைக்கும். பேரன் அழுதது முப்பது ஓநாய்க்காக இல்லை, இன்னும் எத்தனை என்று தெரியாததால். அப்போதும் ஆட்டம் அவனிடம் ஒரு விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்டது. பத்துத் தோல் என்று முதலிலேயே சொன்னது. 4/10 என்று ஓரத்தில் காட்டிக்கொண்டே இருந்தது. பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபின் "பன்னிரண்டு என்றல்லவா சொன்னேன்" என்று அந்தப் பொம்மைக் கிழவன் மாற்றிப் பேசமாட்டான்.

நான் பேசியிருக்கிறேன்.

எழுத்தராக வேலை பார்த்த காலத்தில், முப்பது வருடத்துக்கு முன், மலை கிராமத்திலிருந்து ஓர் அம்மா வாரிசுச் சான்றிதழுக்கு வந்தார். இறப்புச் சான்று நகல் வேண்டும் என்று அனுப்பினேன். கொண்டுவந்தார். ரேஷன் கார்டில் கணவர் பெயர் வேறு மாதிரி இருக்கிறது, அதற்குக் கடிதம் வேண்டும் என்றேன். கொண்டுவந்தார். பிள்ளைகளின் வயதுக்கு ஆதாரம் என்றேன். அடுத்த முறை, ஐயா கேம்ப் போயிருக்கிறார், நாளைக்கு வாம்மா என்றேன். ஐந்தாவது நடையில் முடிந்தது. காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டே, "மொத நாளே எல்லாத்தையும் சொல்லியிருந்தா ரெண்டு நடையில முடிச்சிருப்பேனே சாமி" என்றார். சண்டை போடவில்லை. நாலாவது நடையில் ஒருமுறை, தான் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா என்றுகூட என்னைக் கேட்டார். பேரன் கேட்ட அதே கேள்வி.

என்னென்ன காகிதம் வேண்டும் என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். லஞ்சத்துக்காக நான் அலைக்கழிக்கவில்லை என்று பல வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறைக்கவும் இல்லை, ஆனால் சொல்லவும் இல்லை. எதிரில் இருந்த காகிதத்தில் அப்போது கண்ணில் பட்ட குறையை மட்டும் சொல்லி அனுப்புவது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு நடைக்கும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. பஸ் வரும் ரோட்டுக்கு மலையிலிருந்து இறங்கும் நடை தனி.

இன்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் ஒரு எண் தருகிறார்கள், மனு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். நல்ல மாற்றம். ஆனாலும் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மனிதர் முழுப் பட்டியலையும் முதல் நாளே வாய்விட்டுச் சொல்வதற்கு ஈடாக எந்த எண்ணும் ஆகாது. வங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தாலும் இதைச் சொல்லுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகும்.

பேரன் ஊருக்குக் கிளம்பும் முதல் நாள் ராத்திரி பத்தாவது தோல் விழுந்தது. வீடே அதிரக் கத்தினான். எத்தனை ஓநாய் ஆனது என்று கேட்டேன், எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டானாம். பாட்டி எழுந்து வந்து, "முடிஞ்சுதா? இப்பவாச்சும் சாப்பிடு" என்றாள்.