கற்றுக் கொடுங்கள், கை கொடுப்பார்கள்!

விடியற்காலை நேரம். முத்தாண்டிக்குப்பம் இன்னும் சரியாக விழிக்கவில்லை. முந்திரித் தோப்புகளில் இருட்டு கலையவில்லை. டீக்கடையில் மட்டும் விளக்கு எரிகிறது.

கையில் சாப்பாட்டுத் தூக்கோடு வாலிபர்கள் வருகிறார்கள். மோட்டார் சைக்கிள்கள் உறுமுகின்றன. எல்லோருக்கும் ஒரே திசை: நெய்வேலி!

அங்கே இரண்டு வாலிபர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். இருவரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆனால் வெவ்வேறு ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்க்கிறவர்கள்.

"என்ன வேலை, தம்பி?" என்றேன்.

"சொன்னதைச் செய்யும் வேலை, சார்!" என்றார் முதல்வர். "குழாயைத் தூக்கு என்றால் தூக்குவேன். இறக்கு என்றால் இறக்குவேன். அது எதற்கு என்று கேட்டால் திட்டு விழும்."

இரண்டாமவரின் முகம் மலர்ந்தது. "பம்பு பிட்டர் வேலை பழகுகிறேன், சார். எங்கள் மேஸ்திரி ஒரு பழைய வால்வைக் கழற்றி என் கையில் கொடுத்தார். 'நீயே பூட்டிப் பார்' என்றார். மூன்று தடவை தப்பாகப் பூட்டினேன். நாலாவது தடவை சரியாகிவிட்டது!"

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே கூலிதான். ஆனால் ஒருவர் வேலை எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கிறார். மற்றவர் நாளைக்கு எந்தப் பம்பைப் பிரிப்பார்கள் என்று காத்திருக்கிறார்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? வாலிபர்களிடம் இல்லை. மேஸ்திரிகளிடம் இருக்கிறது!

ஏர் பிடித்த கை

நெய்வேலியின் கதையே இதற்குச் சாட்சி.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டினார். கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி! 1956-ல் நிலக்கரிக் கழகம் அமைந்தது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

தோண்டினார்கள், தோண்டினார்கள், நாலு ஆண்டு தோண்டினார்கள்! 1961-ல்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. அதற்குள் எத்தனை சோதனை! அடியில் ஊற்று நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும்.

மண் வெட்டும் ராட்சத எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. மின்சார நிலையம் ரஷிய உதவியோடு எழுந்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது.

வெளிநாட்டு நிபுணர்கள் எத்தனை நாள் இங்கே தங்க முடியும்? ஒருநாள் ஊருக்குப் போகத்தானே வேண்டும்? நம்மவர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். ஏர் பிடித்த கைகள் எந்திரம் பிடித்தன.

அந்த முதல் மின்சார நிலையம் 2020 வரை ஓடியது! ஐம்பது ஆண்டுக்கு மேல் அதை ஓட வைத்தது யார்? ஒருவர் கற்று, அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்த தொழில்தான்.

"ஓடிவிடுவானே!"

"எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தால் வேறு இடத்துக்கு ஓடிவிடுவானே!" என்பார்கள் சில மேலாளர்கள். வெளியில் சொல்லாத பயம் இன்னொன்றும் உண்டு. "என் நாற்காலிக்கே வந்துவிடுவானே!"

ஓடுகிறவர் சிலர் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கற்றுக் கொடுக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? அவர் ஓட மாட்டார். உங்களிடமே இருப்பார், மனசு மட்டும் இருக்காது! அது பெரிய நஷ்டம் அல்லவா?

வீட்டில் பாருங்கள். மருமகளிடம் சாவிக்கொத்தைக் கொடுக்காத மாமியார் உண்டு. அவர் காய்ச்சலில் படுத்தால் உப்பு எங்கே, புளி எங்கே என்று வீடே தடுமாறும். தொழிற்சாலையும் அப்படித்தான்.

டீக்கடையில் இருந்த ஓய்வுபெற்ற போர்மேன் ஒருவர் சொன்னார்: "எந்திரத்தைப் பூட்டி வைக்கலாம், தம்பி. தொழிலைப் பூட்டி வைக்கலாமா? பூட்டினால் நம்மோடு சுடுகாட்டுக்குத்தான் வரும்!"

கை வேகாத பாடம்

முத்தாண்டிக்குப்பம் வட்டாரத்தில் முந்திரிக் கொட்டை உடைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். முந்திரித் தோலில் உள்ள எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். புதிதாக வருகிற பெண்ணுக்கு மூத்தவள் முதலில் என்ன சொல்லித் தருவாள்? வேகமாக உடைக்கவா? இல்லை! கையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

தலைமை என்றால் அதுதான். முதல் பாடம் உயிர் காக்கும் பாடம்.

2020-ல் நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் மே மாதமும் ஜூலை மாதமும் கொதிகலன் விபத்துகள் நடந்தன. உயிர்கள் போயின. அந்தக் குடும்பங்களின் கண்ணீரை இந்த வட்டாரம் மறக்காது. இறந்தவர்கள்மீது யாரும் குறை சொல்லக் கூடாது. நாம் நினைக்க வேண்டியது வேறு.

"ஐயா, இந்தச் சத்தம் புதிதாக இருக்கிறது" என்று ஒரு கடைசித் தொழிலாளி சொல்ல வேண்டும். அதற்கு எது சரியான சத்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லத் துணிவும் வேண்டும். கேள்வி கேட்டால் திட்டு வாங்குகிறவர் ஆபத்தைக் கண்டாலும் வாய் திறப்பாரா?

பாடம் மட்டும் போதுமா?

போதாது! பாடம் சோறு போடாது. தொழில் ஏறினால் கூலியும் ஏற வேண்டும். நிரந்தர வேலை என்பது நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்களின் நீண்ட காலக் கோரிக்கை. "பயிற்சி கொடுத்தோமே" என்று சொல்லி அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

தொழில் பழகுநர் சட்டம் 1961 முதலே இருக்கிறது. இப்போது 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். ஆனால் சட்டம் ஆளைத்தான் சேர்க்கும். அருகில் அழைத்து, "இப்படிப் பிடி, தம்பி" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்!

அதற்குப் பெரிய செலவு இல்லை. வேலையைக் கொடுக்கும்போது அது எதற்கு என்று சொல்லுங்கள். செய்து காட்டுங்கள். பிறகு அவரையே செய்ய விடுங்கள். நன்றாகச் செய்தால் பத்துப் பேர் முன்னால் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். அடுத்த படி காலியானால், கற்றவரை அதில் ஏற்றி விடுங்கள்.

மோட்டார் சைக்கிள்கள் புறப்பட்டன. முதல் வாலிபர் தூக்கை மாட்டிக்கொண்டு பேசாமல் போனார். அவருக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன. இரண்டு கண்கள் இருக்கின்றன. அவர் கையில் ஒரு பழைய வால்வைக் கொடுக்க ஒரு மேஸ்திரி வர வேண்டும்.

மேஸ்திரிகளே! அது நீங்களாக இருக்கக் கூடாதா?